இருமொழி எழுத்தாளர் அ. மாதவையா

புதுச்சேரி நகரின் வடபால் கடலையொட்டி அமைந்த மீனவர் குடியிருப்பு வைத்திக்குப்பம். மாசிமக நாளில் சுற்றுப்புற ஊர்களின் உற்சவமூர்த்திகள் தீர்த்தவாரிக்காக எழுந்தருளும் கடற்கரை அது. ஏனைய நாள்களில் அங்கே வலை உலர்த்துவோரையும் கருவாடு காயவைப்போரையும் காணலாம். கருவாட்டுக்கு உப்பு வேண்டும். கடலருகே வாழ்வோர்க்கு உப்புக்கு என்ன குறை என்று நமக்குத் தோன்றும். ஆனால், ஆங்கிலேயர் ஆட்சியில் சென்னை மாகாணத்தின் உப்பு அரசின் உடைமை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சுக்காரர் ஆங்கிலேயருடன் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, புதுச்சேரிப் பகுதியிலும் உப்பு விளைவிப்பது நிறுத்தப்பட்டது. மாகாணத்தின் நெடிய கடற்கரை முழுவதும் உப்பளங்கள் காவலுக்குள் இருந்தன. குதிரையேறிச் சென்று அவற்றை மேற்பார்வையிட்ட அதிகாரிகள் மக்களின் அன்புக்கு உரியவர்களாய் இருந்திருக்க வாய்ப்பில்லை. அத்தகைய உப்புத்துறை அதிகாரிகளுள் ஒருவர்தாம், தமிழ்ப் புதினத்தின் முன்னோடிகளுள் ஒருவராகவும், ஆங்கிலத்தில் வரலாற்றுப் புதினம் படைத்தவராகவும், இரு மொழிகளிலும் சிறுவர் நூல்கள் எழுதியவராகவும் விளங்கிய அ. மாதவையா.

மாதவையா 1872ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 16ஆம் நாள் பெருங்குளத்தில் பிறந்தார். அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில், தாமிரவருணி வளப்படுத்தும் வயல்களுக்கு நடுவே உள்ள ஊர் அது. இன்று தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்தது. நவதிருப்பதிகளுள் ஒன்றான திருக்குளந்தை என்பதும் அவ்வூரே. திருநெல்வேலியில் பள்ளிக் கல்வி முடித்தபின் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்று, 1892இல் இளங்கலைப் பட்டம் பெற்றார். அந்நாளில் அக்கல்லூரியின் தலைவராக இருந்தவர் வில்லியம் மில்லர். சேக்சுபியரின் நாடகங்களை மாணவர் மனத்தில் பதியவைப்பதில் பெயர்பெற்ற அப்பேராசிரியரிடம் பயின்ற மாதவையா, பின்னாளில் ஒதெல்லோ நாடகத்தைத் தழுவி ‘உதயலன்’ என்னும் தமிழ் நாடகத்தை எழுதினார். ‘கமலாம்பாள் சரித்திரம்’ எழுதிய பி. ஆர். ராஜமையரும் அதே 1872இல் பிறந்து அதே கல்லூரியில் பயின்றவர் என்பது எண்ணி மகிழத்தக்க ஒற்றுமை.

கல்லூரியில் மேலைநாட்டு இலக்கியம் பயின்ற அவ்விளைஞருக்கு அப்போதே மணமாகியிருந்தது. 1887இல் அவருக்குத் திருமணம் நடந்தபோது வயது பதினைந்து. மணமகள் மீனாட்சிக்கு வயது பதினொன்று. அக்காலத்தில் இதனை எவரும் வியக்கவில்லை. மாதவையா வியந்தார் என்பதே வேறுபாடு. ஆண்பிள்ளை கல்லூரிக்குச் சென்று விடுதலை, உரிமை என்னும் சொற்களை மனப்பாடம் செய்கிறான். அவன் மனைவியோ எழுத்தறியாமல் மாமியார் வீட்டில் வளர்கிறாள். ஒரே குடும்பத்தில் இரு நூற்றாண்டுகள் குடியிருப்பதைப் போன்ற இந்நிலைதான் அவருடைய படைப்புகளின் ஊற்றுக்கண் ஆயிற்று.

பட்டம் பெற்ற அதே 1892ஆம் ஆண்டில் ‘விவேக சிந்தாமணி’ இதழில் ‘சாவித்திரி சரித்திரம்’ என்னும் தொடர்கதையைத் தொடங்கினார். இளமையிலேயே கணவனை இழந்த ஒரு பெண் தன் கதையைத் தானே சொல்வதாக அது அமைந்தது. எழுதியவர் பெயரும் ஒரு பெண்ணின் பெயராகவே இருந்தது. ஆனால், சில பகுதிகளுக்குப் பின் தொடர் நின்றுபோயிற்று. மாதவையா அதனைக் கைவிடவில்லை. பதினோராண்டுகள் கழித்து, 1903இல், அக்கதையை முழுமையாக்கி ‘முத்துமீனாட்சி’ என்னும் நூலாக வெளியிட்டார். கதையின் இறுதியில் அக்கைம்பெண் மறுமணம் செய்துகொள்கிறாள். பழைமை பேணுவோர் கொதித்தெழுந்தனர். இன்று அந்நூலைப் படிக்கும்போது, மறுமணத்தைவிட அப்பெண்ணின் குரலே நம்மைத் தொடுகிறது. அழுகையும் கோபமும் நகைப்பும் கலந்து பேசும் குரல் அது. தமிழ் உரைநடையில் அதற்கு முன் அப்படியொரு பெண்குரல் அரிது.

இதற்கிடையே 1893இல் அவர் அரசின் உப்புத்துறையில் பணியில் அமர்ந்திருந்தார். ஊர் ஊராக மாற்றம் கிடைக்கும் வேலை. பகலில் உப்பளம், இரவில் எழுத்து. 1898இலும் 1899இலும் ‘பத்மாவதி சரித்திரம்’ இரு பாகங்களாக வெளிவந்தது. 1879இல் வெளியான மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’, 1896இல் நூலான ‘கமலாம்பாள் சரித்திரம்’ ஆகியவற்றோடு தமிழின் முதல் மூன்று புதினங்கள் என இதனையும் சேர்த்துப் போற்றுவது இலக்கிய வரலாற்று ஆசிரியர்களின் மரபு. நாராயணன், பத்மாவதி என்னும் இளம் கணவன் மனைவியரின் கதை அது. படித்த கணவன் தன் மனைவியை ஐயுறும் பகுதியில் ஆசிரியர் அவனுக்குப் பரிந்து பேசாமல், கல்வி தந்த செருக்கை அவன் மீதே திருப்பிக் காட்டுகிறார். ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். கதை நன்றாக நடந்துகொண்டிருக்கும்போது மாதவையா இடையில் புகுந்து அறிவுரை சொல்லத் தொடங்கிவிடுவார். சீர்திருத்தக்காரரும் கதைசொல்லியும் ஒரே நாற்காலிக்குப் போட்டியிடுவது போலிருக்கும். கதைசொல்லி வென்ற பக்கங்களே இன்றும் வாடாமல் நிற்கின்றன.

தமிழில் எழுதிக்கொண்டிருந்த அதே கையால் அவர் ஆங்கிலத்திலும் எழுதினார். ‘தில்லை கோவிந்தன்’ என்னும் ஆங்கிலப் புதினம் 1903இல் ‘பம்பா’ என்னும் புனைபெயரில் வெளிவந்தது. 1916இல் இலண்டன் பதிப்பகம் ஒன்று அதனை மீண்டும் வெளியிட்டது. சிற்றூர்ப் பையன் ஒருவன் ஆங்கிலக் கல்வி பெற்று, பழைய நம்பிக்கைகளை இழந்து, புதிய நம்பிக்கைகளிலும் நிலைகொள்ளாமல் தவிக்கும் கதை அது. 1909இல் ‘சத்தியானந்தா’ வெளிவந்தது. அதில் கிறித்தவ மிஷன்களின் போக்கை அவர் விசாரணைக்கு உட்படுத்தினார். சாதி இந்துக்களின் குறையைச் சொன்னபோது மிஷனரிகள் மகிழ்ந்திருக்கலாம். அவர்களுடைய முறை வந்தபோது அவரது எழுதுகோல் மென்மையாகிவிடவில்லை.

இரு மொழிகளில் எழுதுவோரிடம் வழக்கமாகக் கேட்கப்படும் வினா ஒன்று உண்டு: எந்த மொழி யாருக்கு? மாதவையாவின் நூல்வரிசையை நோக்கினால் விடை ஓரளவு புலப்படும். வீட்டிலிருந்த பெண்களுக்கும், ஆங்கிலம் அறியாத பெரும்பான்மையோருக்கும் தமிழ். தம்மை ஆண்டுகொண்டிருந்தவர்களுக்கும், அவர்களைப் போலவே சிந்திக்கப் பழகிவிட்ட படித்த இந்தியருக்கும் ஆங்கிலம். ஆயினும், அவர் இவ்விரு வாசகரையும் பிரித்தே வைத்துவிடவில்லை. ‘இந்து’ நாளிதழில் ‘குசிகர்’ என்னும் பெயரில் அவர் எழுதிய ஆங்கிலச் சிறுகதைகள் நூலாயின. பின்பு அவற்றைத் தாமே தமிழாக்கி, 1924இல் ‘குசிகர் குட்டிக் கதைகள்’ என வெளியிட்டார். தம் கதையைத் தாமே மொழிபெயர்ப்பது சலிப்பூட்டும் வேலை. ஏற்கெனவே அழுது முடித்ததற்கு மறுபடி அழுவதைப் போன்றது. பெண்களும் படிக்கவேண்டிய கதைகள் ஆங்கிலத்தில் மட்டும் இருப்பதில் பயனில்லை என்று கருதியவரே அதனைச் செய்ய முடியும்.

1915ஆம் ஆண்டு தனித்துக் குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டில் பிரெஞ்சு ஆட்சியின் நிழலில் புதுச்சேரியில் வாழ்ந்துகொண்டிருந்த வ. வே. சு. ஐயரின் ‘குளத்தங்கரை அரசமரம்’ வெளிவந்தது. வரதட்சணையால் வாழ்விழந்த ருக்மிணி என்னும் சிறுமியின் கதை அது. அதே ஆண்டில் ஆங்கிலேயரின் ஊதியம் பெற்றுக்கொண்டிருந்த மாதவையாவும் வரதட்சணை கொடுக்க வழியற்ற மணமகளைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு கதைப்பாடல் வெளியிட்டார். ஒருவர் ஆங்கில அரசால் தேடப்பட்ட புரட்சியாளர்; மற்றவர் அவ்வரசின் அலுவலர். எல்லைக்கோட்டின் இருபுறமும் இருந்த அவ்விருவரின் கண்ணிலும் அப்போது பட்டது ஒரே கண்ணீர். அதே 1915இல்தான் மாதவையாவின் வரலாற்றுப் புதினமான ‘கிளாரிந்தா’வும் வெளிவந்தது.

தமிழில் வரலாற்றுப் புதினம் அதற்கு முன்பே தோன்றிவிட்டது. தி. த. சரவணமுத்துப் பிள்ளையின் ‘மோகனாங்கி’ 1895இல் வெளியாயிற்று. மாதவையாவும் 1910இல் ‘திருமலை சேதுபதி’ என்னும் நாடகத்தை எழுதியிருந்தார். ஆனால், ‘கிளாரிந்தா’வில் அவர் எடுத்துக்கொண்டது மன்னர் கதையன்று. பாளையங்கோட்டை மக்களின் நினைவில் வாழ்ந்த ஒரு பெண்ணின் கதை. பதினெட்டாம் நூற்றாண்டில் தஞ்சையில் வாழ்ந்த மராத்திய அந்தணக் குடும்பத்துப் பெண் அவர். கணவன் இறந்ததும் அவனுடைய சிதையில் எரிக்கப்படவிருந்த அவரை லிட்டில்டன் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி மீட்டார் என்பது வழிவழிச் செய்தி. பின்னர் அவருடனேயே பாளையங்கோட்டைக்கு வந்து வாழ்ந்தார். கிறித்தவ நெறியில் சேர விரும்பித் திருமுழுக்கு வேண்டியபோது, மணமின்றி ஓர் ஆடவருடன் வாழ்வதைக் காரணம் காட்டிச் சுவார்ட்சு ஐயர் மறுத்துவிட்டார். லிட்டில்டன் இறந்தபின், 1778இல்தான் அவருக்குத் திருமுழுக்குக் கிட்டியது. 1780இல் எழுதப்பட்ட பாளையங்கோட்டைத் திருச்சபைப் பதிவேட்டில் சுமார் நாற்பது பேரே இடம்பெற்றனர். கிளாரிந்தாவின் பெயர் அவற்றுள் ஒன்று. அவர் முயற்சியால் எழுந்த கோயில் 1785இல் திறக்கப்பெற்றது. பாப்பாத்தியம்மாள் கோயில் என்று மக்கள் அதனை வழங்கிவருகின்றனர். மதம் மாறிய பின்னும் சாதியின் பெயரை ஊர் அவரைவிட்டு இறக்கிவைக்கவில்லை என்பதை அப்பெயரே சொல்லுகிறது.

வரலாறு தந்தது இவ்வளவே. பதிவேட்டில் ஒரு பெயரும், மிஷனரிகளின் குறிப்புகளில் சில வரிகளும், மக்கள் வாயில் ஒரு கோயிலும். எஞ்சியதைப் புனைவு நிரப்ப வேண்டியிருந்தது. மாதவையா எதனை நிரப்பினார் என்பதில்தான் அவர் திறமை விளங்குகிறது. மிஷன் வரலாறுகளில் கிளாரிந்தா மதம் மாறியவராக நிற்கிறார். மாதவையாவின் புதினத்திலோ முதலில் படிக்கும் பெண்ணாக நிற்கிறார். கல்வியறிவுடைய பாட்டனாரிடம் ஏடு கற்று வளரும் சிறுமி அவர். அக்கல்வி திருமணச் சந்தையில் செல்லாக் காசாவதையும், வயது மூத்தவருக்கு அவர் மனைவியாவதையும், கணவனின் சாவுக்குப்பின் சொத்தாசை கொண்ட உறவினர் சாத்திரத்தின் பெயரால் அவரைச் சிதைக்குத் தள்ளுவதையும் ஆசிரியர் அடுக்கிக் காட்டுகிறார். அரண்மனைச் சூழ்ச்சிகளும் போர்களும் கதையில் உண்டு. படிப்பவர் மனத்தில் நிற்பவை அவையல்ல. ‘முத்துமீனாட்சி’யில் தம் காலத்துப் பெண்ணுக்காகக் கேட்ட கேள்வியையே நூற்றைம்பது ஆண்டுகள் பின்னே சென்று மீண்டும் கேட்கிறார் என்பது விளங்கும். உடன்கட்டை ஏறுவதைச் சட்டம் தடுத்துவிட்டது. எனவே இனிக் கவலையில்லை என்று எண்ணியிருந்த 1915ஆம் ஆண்டு வாசகருக்கு, உயிரோடு இருந்தே எரியும் பெண்கள் தம் வீட்டிலேயே இருப்பதைப் பழங்கதை ஒன்றால் அவர் நினைவூட்டினார்.

ஆங்கில அதிகாரி காப்பாற்றும் கதையாயிற்றே, ஆள்வோருக்கு இது இனித்திருக்குமே என்று ஒருவர் வினவலாம். வினா ஞாயமானது. ஆனால், புதினத்தில் கிளாரிந்தாவைச் சிதையிலிருந்து மீட்பது ஓர் ஆங்கிலேயர். திருமுழுக்கு மறுப்பது மற்றோர் ஐரோப்பியர். காப்பவரும் கைவிடுபவரும் எல்லா இனத்திலும் இருக்கின்றனர். நன்மை தீமைகளை இனவாரியாகப் பங்கிட்டுக் கொடுக்க மாதவையா ஒருநாளும் இசைந்ததில்லை.

சிறுவர்க்காக அவர் எழுதியவையும் இரு மொழிகளிலும் உள்ளன. ஆங்கிலத்தில் இராமாயணக் கதையையும், மார்க்கண்டேயன், நந்தனார், மணிமேகலை ஆகியோரின் கதைகளையும் எழுதினார். தமிழில் ‘பால விநோதக் கதைகள்’, ‘பால ராமாயணம்’, தென்னாட்டு வரலாற்று வீரர்களைப் பற்றிய ‘தட்சிண சரித்திர வீரர்’ ஆகியவற்றைத் தந்தார். பள்ளிகளில் இந்தியச் சிறுவர் இங்கிலாந்து மன்னர்களின் வரிசையை ஒப்புவித்துக்கொண்டிருந்த காலம் அது. ஆங்கிலம் படிக்கும் சிறுவனுக்கு ஆங்கிலத்திலேயே நந்தனாரையும் மணிமேகலையையும் கொடுப்பதும், தமிழ் படிக்கும் சிறுவனுக்குத் தென்னாட்டு வீரரைக் கொடுப்பதும் ஒரே எண்ணத்தின் இரு பக்கங்கள். அவர் தேர்ந்துகொண்ட பெயர்களையும் கவனிக்கலாம். சாதியால் கோயில் வாயிலில் நிறுத்தப்பட்டவர் ஒருவர். பசித்தவர்க்கு உணவளிக்கத் துறவு பூண்டவர் ஒருவர். சிறுவர்க்கான நூல் என்பதற்காக அவர் தம் கவலைகளை வீட்டில் விட்டுவிட்டு வரவில்லை. ‘மணிமேகலைத் துறவு’ என்னும் தமிழ் நாடகமும், புத்தர் வாழ்வைக் கூறும் ‘சித்தார்த்தன்’ என்னும் நூலும் அவர் பெரியவர்க்கு எழுதியவை.

சொன்னதை வீட்டிலும் செய்தவர் அவர். மகள்களுக்குக் கல்வியளித்தார், அவர்களுக்கு இளமை மணம் செய்விக்க மறுத்தார். அவருடைய இல்லமே ஒரு பள்ளியாய் இருந்ததென அங்கு வளர்ந்தோரின் பிற்கால வாழ்வு காட்டுகிறது. உறவினரான பெ. நா. அப்புசுவாமி, மாதவையா ஆசிரியராக இருந்த ‘தமிழர் நேசன்’ இதழில் 1917இல் எழுதத் தொடங்கி, தமிழில் அறிவியல் எழுத்தின் முன்னோடியானார். மகன் அனந்தநாராயணன் சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியாக உயர்ந்ததோடு ஆங்கிலத்தில் புதினமும் எழுதினார். இளைய மகன் மா. கிருஷ்ணன், காட்டுயிர்களைப் பற்றித் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய இயற்கையியலாளர்.

ஓய்வு பெறும் வயதுக்கு முன்பே மாதவையா பணியிலிருந்து விலகினார். ஓய்வூதியத்தை மொத்தத் தொகையாகப் பெற்று, மயிலாப்பூரில் அமைத்த தம் ‘பெருங்குளம் இல்ல’த்தில் அச்சகம் நிறுவினார். மாதந்தோறும் வரவேண்டிய பாதுகாப்பை எழுத்துக்கும் அச்சுக்கும் ஈடு வைத்ததற்கு ஒப்பானது இது. 1924இல் ‘பஞ்சாமிர்தம்’ என்னும் திங்களிதழைத் தொடங்கினார். கதை, கட்டுரை, மதிப்புரை எனப் பெரும்பகுதியை அவரே எழுத வேண்டியிருந்தது. ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நிறுத்தியிருந்த ‘பத்மாவதி சரித்திர’த்தின் மூன்றாம் பாகத்தை அவ்விதழில் மீண்டும் எழுதத் தொடங்கினார்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் அவையில் அவர் உறுப்பினராக இருந்தார். அந்நாளில் பட்டப்படிப்பு முழுவதும் ஆங்கிலவழி. தாய்மொழியில் ஒரு கடிதம் பிழையின்றி எழுதத் தெரியாதவரும் பட்டதாரியாகலாம். இளங்கலைப் பட்டத்திற்குத் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்பது மாதவையாவின் கோரிக்கை. 1925ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள், சேப்பாக்கத்தில் கடலை நோக்கி நிற்கும் செனட் மண்டபத்தில் அக்கோரிக்கையை முன்வைத்துப் பேசினார். ஆங்கிலம் அறியாத ஒருவர் அவ்வாறு கேட்டிருந்தால் இயலாமை என்று அவையினர் தள்ளியிருக்கக் கூடும். கேட்டவரோ இலண்டனில் நூல் வெளியானவர். ஆங்கிலத்தில் புதினமும் கவிதையும் எழுதியவர். தமிழை விட்டுவிட்டு மேலே சென்றவர்களின் அவையில், ஆங்கிலத்தின் உச்சிவரை ஏறிப்பார்த்த ஒருவர் நின்று தமிழுக்காக வாதிட்டார். பேசி முடித்து அமர்ந்தார். அமர்ந்தவர் மீண்டும் எழவில்லை. அப்போது அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. இளைய மகன் கிருஷ்ணன் பன்னிரண்டு பதின்மூன்று வயதுச் சிறுவன்.

அதே ஆண்டு ஜூன் மாதத்தில், பாபநாசத்துக்கு மேலேயுள்ள அருவியில் தவறி விழுந்த மகளைக் காக்க முயன்று வ. வே. சு. ஐயரும் உயிரிழந்திருந்தார். புதுச்சேரியில் பத்தாண்டுகள் வாழ்ந்து மீண்ட பாரதியார் 1921இலேயே மறைந்தபோது, அவருடைய ‘சந்திரிகையின் கதை’ முடிவுறாமல் நின்றது. ‘பத்மாவதி சரித்திர’த்தின் மூன்றாம் பாகமும் அவ்வாறே பாதியில் நின்றது. ஆங்கிலத்தில் இருந்த ‘கிளாரிந்தா’, சரோஜினி பாக்கியமுத்துவின் மொழிபெயர்ப்பில் தமிழுக்கு வந்துசேர அதன் ஆசிரியர் மறைந்து அரை நூற்றாண்டு ஆயிற்று.